கார்டு அவர் பேர்லதானுங்க

எங்கள் வீட்டுக்காரம்மாவுக்குக் கணவர் இருக்கிறாரா இல்லையா என்பது குடிவந்த முதல் மாதம் முழுக்க எனக்குப் பிடிபடவில்லை. கழுத்தில் தாலி இருந்தது. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. பேச்சுக்குப் பேச்சு "எங்கூட்டுக்காரரு" வந்துவிடுவார். எங்கூட்டுக்காரருக்குக் கத்திரிக்காய் ஆகாதுங்க, எங்கூட்டுக்காரருக்கு டிவி சத்தமா வெச்சாப் புடிக்காதுங்க. ஆள் மட்டும் கண்ணில் படவே இல்லை. சாயப்பட்டறையில் நைட் ஷிப்ட் பார்க்கிறவராக இருக்கும், பகலெல்லாம் தூங்குகிறார் போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, என் பிள்ளைகளைச் சத்தம் போடாதீர்கள் என்று அதட்டிக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாவது வீட்டில் தேனிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்தப் பெண் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். அவள்தான் சிரித்துக்கொண்டே விஷயத்தை உடைத்தாள்.

"யாருக்கா தூங்குறாருங்குறீங்க? அந்த மனுசன் தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்து போனவரு. கூடப் போன கூட்டமெல்லாம் சாமி கும்பிட்டுட்டு பஸ் ஏறி வந்திருச்சு. இவரு மட்டும் வரல. அது ஆச்சு எத்தனையோ வருசம்."

அன்றிலிருந்து என் பிள்ளைகள் இஷ்டத்துக்குக் கத்தினார்கள்.

நாங்கள் அருப்புக்கோட்டைக்காரர்கள். என் கணவர் அயர்னிங் மாஸ்டர். நான் ஒரு சின்ன கம்பெனியில் பில் போடுகிறேன். திருப்பூர் மண்ணரையில் அந்தக் காம்பவுண்டில் எங்களோடு சேர்த்து ஐந்தாறு குடும்பங்கள் இருந்தன. எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள், நடுவில் ஒரு குழாய், முகப்பில் அந்தம்மாவின் வீடு. நெசவுக் குடும்பம். அந்தம்மாவின் கணவர் தறியை விற்றுவிட்டு நிட்டிங் மெஷின் போட்டவராம். அதில் கை சுட்டுக்கொண்டு, மிஞ்சியதில் இந்தக் காம்பவுண்டைக் கட்டியிருக்கிறார். குழந்தை இல்லை. வாடகைதான் பிழைப்பு.

அந்தம்மா ஒடிசலான உருவம். வாய் மட்டும் நிற்காது. யாரையும் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. தண்ணீர் லாரிக்காரர் குழாயை வளைத்துப் போட்டு வாசலைச் சேறாக்கியபோதுகூட "அறிவிருக்குதுங்களா உங்களுக்கு?" என்றுதான் திட்டினார். திட்டு வாங்கியவரே சிரித்துவிட்டார். எங்கள் ஊரில் அந்த மாதிரித் திட்டினால் யாரும் திட்டாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதம் என்றால் பிடிவாதம். போனவர்கள் விட்டுப்போன எதையும் அந்தம்மா எடுக்கவும் மாட்டார், எடுக்க விடவும் மாட்டார்.

மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை இருந்தது. என் கணவரின் வண்டி வெயிலில் காய்கிறதே, அங்கே நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்கப் போனேன். கதவைத் திறந்து காட்டினார். உள்ளே கால் வைக்க இடமில்லை. மூடி இல்லாத குக்கர், ஒரு கால் ஒடிந்த கட்டில், குழந்தை ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள், யாருடையதோ கல்யாண ஆல்பம், பித்தளைக் குடம், தலை மட்டும் இருக்கும் தையல் மெஷின். எல்லாம் காலி செய்துகொண்டு போனவர்கள் மறந்ததோ, தூக்க முடியாமல் விட்டதோ. வாடகை கொடுக்காமல் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போனவர்களின் பாத்திரம்கூட அங்கே இருந்தது.

"பழைய இரும்புக் கடைக்குப் போட்டா அறை காலியாகும்ல?" என்றேன்.

"வந்தாக் கேப்பாங்கல்லங்க?"

"யாரும்மா வரப்போறாங்க?"

"அது நமக்கெப்படிங்க தெரியும்?"

வண்டி வெயிலிலேயே நின்றது. எனக்கு எரிச்சல்தான். கணவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். பிறகு ஒருநாள், காம்பவுண்டு வாசலில் ஒரு பெண் தயங்கித் தயங்கி நின்றாள். முன்பு அங்கே குடியிருந்தவளாம். புருஷன் இறந்து, ஊர் ஊராகப் போய், மறுபடியும் திருப்பூருக்கே வேலைக்கு வந்திருக்கிறாள். அவள் எதையும் கேட்கவில்லை. சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றாள். அந்தம்மா உள்ளே போய்ப் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கிக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். "எங்கம்மா சீராக் குடுத்தது" என்று சொல்லி, அந்தக் குடத்தைக் கட்டிக்கொண்டு அவள் அழுத அழுகையில் எதிர்வரிசை வீடெல்லாம் வெளியே வந்து நின்றது. அதற்கப்புறம் அந்த அறையைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

கரண்டு பில் கட்டும் நாளும் அந்தம்மாவுக்கு ஒரு விசேஷம்தான். காம்பவுண்டு முழுவதற்கும் ஒரே மின் இணைப்பு. வீட்டுக்கு வீடு சப் மீட்டர் வைத்துப் பிரித்துக்கொள்வோம். ஃபோனிலேயே கட்டிவிடலாம், நானே கட்டித் தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். கேட்கவே மாட்டார். சாயம் போகாத சேலையாக ஒன்று எடுத்துக் கட்டிக்கொண்டு, கரண்டு கார்டை எடுத்துக்கொண்டு, மின்வாரிய ஆபீஸ் வரிசையில் போய் நிற்பார். ஒருமுறை நானும் துணைக்குப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நம்பரைத் தட்டிவிட்டு, திரையில் பார்த்து, அந்தம்மாவின் கணவர் பெயரை உரக்க வாசித்து, "இதுதானுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. அவருதானுங்க," என்றார் அந்தம்மா. முகத்தில் புதுப்பெண்ணின் வெட்கம்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தம்மா கணவர் பெயரை வாயால் சொல்வதில்லை. அந்தத் தலைமுறைப் பெண்கள் யாருமே சொல்வதில்லை. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பெரியவர்கள் யாரும் உயிரோடு இல்லை. அவிநாசியில் இருக்கும் கொழுந்தனாருக்கு அவர் வெறும் 'அண்ணன்'. ஆக அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லும் ஒரே இடம் உலகத்திலேயே அந்த ஜன்னல்தான். அதைக் கேட்கத்தான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்.

அமாவாசை அன்று காம்பவுண்டில் பாதி வீட்டில் காக்கைக்குச் சோறு வைப்பார்கள். அந்தம்மா வைக்க மாட்டார். அமாவாசை செத்தவங்களுக்குங்க என்பார். கிருத்திகைக்கு மட்டும் பொழுதுக்கும் பச்சைத் தண்ணீரோடு இருந்து முருகன் கோயிலுக்குப் போவார். அவரைக் கூட்டிக்கொண்டு போனவன் முருகன்தான், கொண்டுவந்து சேர்க்க வேண்டியதும் அவன் பொறுப்பு என்பது அந்தம்மாவின் கணக்கு. ஒரு கிருத்திகையன்று வெயிலில் கிறுகிறுத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன், குடிக்கவில்லை. எனக்கு அந்த முகம் தெரியாத மனுஷன்மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது.

"பழநி என்ன காசியாம்மா? இந்தா இருக்கிற பழநியிலருந்து திரும்பி வர அந்த ஆளுக்கு வழி தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன்.

அந்தம்மா என்மேல் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். கோபத்திலும் குரல் ஏறவில்லை.

"உங்க ஊருக்கு வழி உங்களுக்குத் தெரியுமில்லீங்க, கண்ணு? தெரிஞ்சும் இங்கதான இருக்கறீங்க? போகோணும் போகோணும்னு சொல்லீட்டே இருக்கறீங்க. வழி தெரியாமயா போகாம இருக்கறீங்க?"

நான் மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்படி இருந்தவரிடம்தான் சோலார் மானியப் பேச்சு வந்து சேர்ந்தது.

பக்கத்துக் காம்பவுண்டுக்காரர் முதலில் போட்டார். மொட்டை மாடி முழுக்க நீலப் பலகைகள். அவர்கள் வீட்டுக் கரண்டு பில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டதாகப் பேச்சு. அதைவிடப் பெரிய பேச்சு, பலகையின் நிழலில் கீழே இருக்கும் வீடுகள் சூடு குறைந்துவிட்டன என்பது. எங்கள் வீட்டுக் கூரை கான்கிரீட். சித்திரை வெயிலில் அடுப்புக்குள் இருப்பது போலிருக்கும். நாளெல்லாம் ஸ்டீம் அயர்ன் முன்னால் நின்றுவிட்டு வரும் என் கணவர், "கம்பெனியில துணி வேகுது, வீட்டுல நான் வேகுறேன்," என்பார். எல்லா வீட்டிலும் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாம் ஒரே இணைப்பில் சேர்ந்து ஏறுவதால் பில்லைப் பார்த்தால் வயிறு எரியும். அந்தம்மா அதில் ஒரு பைசா கூட்டி வாங்கியதில்லை. ஆனாலும் எரியத்தானே செய்யும்?

குடியிருக்கிறவர்கள் நேரே போய் மானியம் கேட்க முடியாது. கூரை யாருடையதோ, கார்டு யார் பெயரோ, அவர்தான் கேட்க வேண்டும். ஆகவே நாங்கள் எல்லோரும் சேர்ந்து அந்தம்மாவிடம் கேட்டோம். உடனே சரி என்றுவிட்டார். எங்கள் பிள்ளைகள் வெயிலில் வேகுவது அவருக்கும் பொறுக்கவில்லை. பல்லடத்திலிருந்து ஒரு சோலார் ஏஜெண்ட் வந்தார். மாடியை அளந்தார். நல்ல வெயில் விழுகிற மாடி என்று பாராட்டினார். பிறகு கேட்டார்.

"கார்டு யாரு பேர்லீங்க இருக்குது?"

"அவர் பேர்லதானுங்க."

"அவரைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க. ஒரு கையெழுத்து, ஆதாரு. மானியம் நேரா அவரு அக்கவுண்டுக்கே வந்துருமுங்க."

"வெளியூரு போயிருக்காருங்க."

"எப்பங்க வருவாரு?"

"சொல்லீட்டுப் போகலீங்க."

சரி, அடுத்த வாரம் வருகிறேன் என்று போனார். அடுத்த வாரமும் வந்தார். அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் முறை என் கணவர் அவரைத் தெருமுனைக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார். ஏஜெண்ட் நல்ல மனிதர். அவருக்கே சங்கடமாகிவிட்டது. அதற்காக விட்டுவிட்டும் போகவில்லை, தொழில் அப்படி. மானியம் வேண்டாம், கைக்காசு போட்டே செய்யலாம் என்றாலும் மீட்டர் மாற்றக் கார்டுக்குரியவர் கையெழுத்து வேண்டும். ஒரே வழி, பெயர் மாற்றுவது. ஆள் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் வைத்துச் சுலபமாக மாற்றலாம். காணாமல் போனவர் என்றால் கோர்ட்டுக்குப் போய், ஏழு வருடத்துக்கு மேல் தகவலே இல்லை என்று சொல்லி, இறந்தவராக உத்தரவு வாங்க வேண்டும்.

அந்தம்மா கேட்டுக்கொண்டிருந்தார். "அப்படீன்னா வேண்டாமுங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு, ஏஜெண்டுக்குக் காப்பி கலக்க உள்ளே போனார்.

எங்களில் யாரும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. எப்படி வற்புறுத்துவது? புருஷன் செத்துவிட்டதாக எழுதிக்கொடு, எனக்கு வீடு குளிர வேண்டும் என்றா?

ஆனால் தேனிக்காரப் பெண் சித்திரை பிறந்ததும் காலி செய்தாள். போனது தூரத்துக்கு இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், அதே பக்கத்துக் காம்பவுண்டுக்கு. அவள் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு வெடித்திருந்தது. "கோவிச்சுக்காதீங்கம்மா" என்று அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்தம்மா குழந்தைக்குத் திருநீறு பூசிவிட்டார்.

வண்டி போனபிறகு அந்தக் காலி வீட்டுக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். அடுக்களையையும் பரணையும் துழாவிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமே உட்டுட்டுப் போகலீங்க, கண்ணு," என்றார். "ஒரு ஒடஞ்ச வாளிகூட இல்லீங்க."

பிறகு கடைசி வீட்டு ஒடிசாக்காரத் தம்பதியும் வேறு இடம் பார்க்கிறார்கள் என்று காதில் விழுந்தது. நாங்களும் பார்த்துக்கொண்டிருந்தோம், அதை நான் அந்தம்மாவிடம் சொல்லவில்லை, ஆனால் தெரிந்திருக்கும். ஒருநாள் காலையில் குழாயடியில் என்னிடம் வந்து, "அந்த சோலார்க்காரரை வரச் சொல்லுங்க" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "காயிதத்துலதானுங்க? காயிதத்துக்குத் தெரியுமுங்களா அவரு இருக்கறது? எழுதுனா எழுதீட்டுப் போகுது."

அதை அந்தம்மா முழுசாக நம்பினார். காகிதம் கரண்டு ஆபீசுக்கு, மனுஷன் வீட்டுக்கு என்று பிரித்து வைத்துக்கொண்டார். வக்கீலிடமும் அதையே சொன்னார். வக்கீல் தலையை ஆட்டினார்.

கோர்ட் வேலை நாள் பிடித்தது. அண்ணன் காணாமல் போனபோதே கொழுந்தனார் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்திருந்தது உதவியாக இருந்தது. நடுவில் பேப்பரில் விளம்பரம் கொடுக்கச் சொன்னார்கள். இன்னார், இன்ன வயது, தகவல் தெரிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று, கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டியெடுத்த படத்தோடு வந்தது. வக்கீலுக்கு அது ஒரு சடங்கு. அந்தம்மாவுக்கு அப்படி இல்லை. பேப்பர் வந்த நாளிலிருந்து தினமும் ஓர் ஆளுக்குக் கூடுதலாகச் சோறு வடித்தார். வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"எந்த ஊருலயாவது டீக்கடையில பேப்பரு படிக்காமயா இருப்பாரு? அவருக்குப் பேப்பருன்னா உசுருங்க," என்றார்.

மீந்த சோறு மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்கு வரும். மறுக்க முடியாமல் வாங்கிக்கொள்வேன். ஒரு வாய்கூட எனக்கு இறங்கியதில்லை, என் கணவர்தான் தயிர் ஊற்றிச் சாப்பிடுவார். யாரும் வரவில்லை. ஒரு ஃபோன்கூட வரவில்லை.

சாட்சி சொல்லும் நாளில் நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். நீதிபதி இளவயதுப் பெண். கூண்டில் நின்ற அந்தம்மாவிடம் பெயர், விலாசம் எல்லாம் கேட்டுவிட்டு, "உங்க கணவர் பெயர் என்னம்மா?" என்றார்.

அந்தம்மா கொழுந்தனாரைப் பார்த்தார். அவர் எழுந்து வாயைத் திறந்தார்.

"நீங்க உட்காருங்க. அவங்க சொல்லட்டும்."

"சொல்ற வழக்கமில்லீங்க, சாமி," என்றார் அந்தம்மா.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "எங்க பாட்டியும் சொல்ல மாட்டாங்கம்மா. ஆனா நீங்க உங்க வாயால சொன்னாத்தான் நான் எழுத முடியும்."

அந்தம்மா தாலியைச் சேலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் தெளிவாகச் சொன்னார். வாழ்நாளில் முதல்முறையாக அந்தப் பெயர் அந்த வாயிலிருந்து வந்தது. வந்தது அவரைச் செத்தவராக எழுதுவதற்காக. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அந்தம்மா சொல்ல வேண்டிய பெயர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பழைய பஸ் ஸ்டாண்டு வந்ததும் என் பக்கம் திரும்பி, "நல்ல பேருதானுங்க, கண்ணு?" என்று கேட்டார்.

"நல்ல பேருங்கம்மா," என்றேன்.

உத்தரவு வந்தது. காகிதத்தை வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, பழையபடி குங்குமம் வைத்துக்கொண்டு குழாயடிக்கு வந்து நின்றார் அந்தம்மா. அவ்வளவுதான், முடிந்தது என்று நானும் நினைத்தேன். எங்கள் ஊராக இருந்தால் ஒருவேளை அவ்வளவோடு முடிந்திருக்கும்.

கொழுந்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். சாதுவான மனிதர், அண்ணி முன்னால் உட்காரவே மாட்டார். அன்றும் நின்றுகொண்டேதான் பேசினார். அவருடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கோர்ட்டில் உத்தரவான விஷயம் பங்காளிகளுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. செத்துவிட்டார் என்று சர்க்காரே எழுதிக் கொடுத்தபிறகு, பங்காளி வீடுகள் எல்லாவற்றுக்கும் தீட்டுதான். கருமாதி செய்து தீட்டுக் கழிக்காமல் அந்தக் கூட்டத்தில் யாரும் முகூர்த்தக்கால் நட வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"நான் கேக்கலீங்க அண்ணி. பங்காளிங்க கேக்கறாங்க. புள்ளையோட கல்யாணமுங்க."

"அது காயிதத்துலதானுங்களே?"

"நானும் சொல்லிப் பாத்தனுங்க. காயிதத்துல போட்டதுதான இப்ப செல்லுது, அவுங்க பொண்டாட்டியே கோர்ட்டுல பேரைச் சொல்லி ஒத்துக்கிட்டாங்களேங்கறாங்க."

அவர் கண் கலங்கியிருந்தது. அவருக்கும் அவர் அண்ணன்தானே. அந்தம்மா மாட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றிருப்பேன். அவர் சொல்லவில்லை. அந்தப் பெண் பிறந்தபோது முதல் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டியதே அந்தம்மாதானாம்.

"நாளுப் பாருங்க," என்றார்.

பவானி கூடுதுறைக்குப் போனார்கள். தர்ப்பையால் ஓர் உருவம் செய்து, அதற்கு வேட்டி சுற்றி, எரித்துக் கரைத்தார்களாம். தாலியைக் கழற்ற உறவுக்காரப் பெண்கள் கை நீட்டியபோது, "நானே எடுத்துக்கறனுங்க" என்று சொல்லித் தானே எடுத்துக் கொடுத்தாராம். கூடப் போனவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி வந்த அந்தம்மாவை எனக்கு அடையாளமே தெரியவில்லை. நெற்றி வெறுமையாக இருந்தது. கழுத்தில் தாலிக்கயிறு கிடந்த இடம் வெள்ளையாக ஒரு கோடு போட்டிருந்தது. நான் வீட்டுக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத அழுகை. பங்காளிகள்மேலா, மானியத்தின்மேலா, நடந்து போனவர்மேலா?

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கார்டு அந்தம்மா பெயருக்கு மாறியது. ஆட்கள் வந்து கம்பி நட்டுப் பலகைகளை ஏற்றினார்கள். வேலை முடிந்ததும் ஏஜெண்ட், வீட்டுக்காரர் பலகையோடு நிற்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பினால்தான் மானியம் வரும் என்றார். அந்தம்மாவை மாடிக்குக் கூட்டிப்போய் நிறுத்தினார்கள். வெளுத்த சேலையில், அந்தப் பெரிய நீலப் பலகைகளுக்குப் பக்கத்தில் ஒட்டி நின்றார்.

"கொஞ்சம் சிரிங்கம்மா," என்றார் ஏஜெண்ட், பழக்கதோஷத்தில். சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அந்தம்மா சிரித்தார். யார் என்ன கேட்டாலும் செய்து கொடுத்துவிடுகிற சுபாவம்.

வீடு குளிர்ந்தது உண்மை. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். பில்லும் நன்றாகக் குறைந்தது. என் கணவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தால் அரை மணி நேரம் நிம்மதியாகக் கண் அசந்தார். மானியப் பணம் அந்தம்மாவின் கணக்கில் ஏறிய அன்று, ஃபோனில் வந்த செய்தியை என்னைத்தான் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "செரிங்க" என்று மட்டும் சொன்னார். ஒடிசாக்காரர்கள் போகவில்லை. காலியாகக் கிடந்த வீட்டுக்கும் ஆள் வந்துவிட்டது. கரண்டு பில் வந்ததும் அந்தம்மா கார்டை என்னிடம் நீட்டி, "ஃபோன்லயே கட்டீருங்க, கண்ணு. அங்க போயி என்னத்தைப் பண்றது?" என்றார்.

பிறகு என் கணவரின் கம்பெனி பல்லடம் ரோட்டுக்கு மாறியது. நாங்களும் அந்தப் பக்கமே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டோம். எப்போதாவது போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

கடைசியாகப் போனபோது அந்தம்மா வீட்டில் இல்லை. மாடியில் இருக்கிறார் என்றார்கள். ஏறிப் போனேன். ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு பலகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். திருப்பூர்க் காற்றில் பஞ்சுத் தூசிக்குக் குறைவா? நாலு நாள் விட்டால் படிந்துவிடும். நெற்றியில் திருநீறு இருந்தது. உதடு காய்ந்திருந்தது. அன்று கிருத்திகை என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"இன்னும் விரதம் இருக்கீங்களாம்மா?" என்றேன். விட்டிருப்பார் என்று நினைத்திருந்தேன்.

"உடலீங்க. கோயலுக்கும் போயிட்டுத்தான் வந்தேன்."

"இன்னமும் அவரு வரணும்னா வேண்டிக்கிறீங்க?"

கேட்டிருக்க வேண்டாம். அந்தம்மா தண்ணீரை நிறுத்தினார். பலகையில் ஒழுகும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இல்லீங்க, கண்ணு. இப்ப வரவேண்டாம்னு வேண்டிக்கறனுங்க."

நான் புரியாமல் பார்த்தேன்.

"வந்து வாசல்ல நின்னாருன்னா நான் என்னங்க சொல்லுவேன்? செத்துட்டீங்கன்னு பேரைச் சொன்னவ நானு. எரிச்சுட்டு வந்தவ நானு. இந்தக் கழுத்தைப் பாத்தாருன்னா அவரு தாங்குவாருங்களா? எங்கியோ ஒரு நல்ல எடத்துல, நோவு நொடி இல்லாம, எப்பவோ போய்ச் சேந்திருக்கோணும்னு கேக்கறனுங்க. அவரு உசுரோட இருக்கக் கூடாதுன்னு பட்டினி கெடந்து கேக்கறேன். முருகன் என்னைப் பத்தி என்னங்க நெனைப்பாரு?"

அந்தம்மாவின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் அழுதேன். அந்தம்மா அழவில்லை. கொஞ்ச நேரம் என் கையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டு நின்றார். பிறகு, வெயில் ஏறினால் கண்ணாடி சுடும், அப்புறம் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த பலகைகளைக் கழுவப் போனார்.